ஜாவாக்காரர்கள் பந்தாடப் போன வருஷம்

தம்பி, உன் கல்யாணச் செய்தி கைக்கு வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. தையல் வேலை அதிகம், அதனால்தான் பதில் எழுதவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். எழுத உட்கார்வேன், இரண்டு வரி எழுதுவேன், கிழித்துவிட்டு மறுபடி மிஷினில் போய் உட்காருவேன். முகூர்த்தம், கோயில், யார் யார் வருவார்கள் என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஓரமாக ஒன்று கேட்டிருக்கிறாய். "போன தடவை மேடானிலிருந்து ஒரு வார்த்தையும் சொல்லாம கப்பல் ஏறிட்டியே அம்மா, எங்க ரெண்டு பேர் மேலயும் கோபமா?" இல்லை என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடலாம். அப்படி எழுதினால் அது கோபத்தை மறைக்கிற மாதிரிதான் உனக்குத் தோன்றும். அதனால் போன வருஷம் இங்கே எனக்கு நடந்ததை எழுதுகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் படி. நீ கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கும் மலாயில் சொல்லு.

நீ போன பிறகு நான் எப்படி இருந்தேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அப்பா இருந்தவரை பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் நமக்கு இரண்டு அறை இருந்தது. அவர் போனதும் அதைக் காலி செய்யச் சொன்னார்கள். கோயில் பக்கத்துச் சந்தில் பின்கட்டில் ஓர் அறை பிடித்தோம். பிறகு ஒர்க்‌ஷாப்பில் ஆள் குறைத்தபோது உனக்கும் வேலை போயிற்று, சுமத்ராவில் ரயிலில் பிட்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, பினாங்கு போய்க் கப்பல் பிடித்தாய். ஸ்டேஷனில் நான் அழவில்லை. "அம்மா ரொம்ப தைரியம்" என்று உன் கூட்டாளியிடம் நீ சொன்னது காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்கு உலை வைத்தேன். மறுநாளும் அப்படித்தான் வைத்தேன்.

உன் கடிதம் மாதாமாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. முப்பத்தெட்டாம் வருஷம் சித்திரைப் பிறப்புக்கு வரவேண்டிய கடிதம் வரவில்லை. நான் எழுதியதற்கும் பதில் இல்லை. காலையில் குழாயடிக்குப் போனால் பெண்கள், "அக்கா, தம்பி கடுதாசி போட்டுச்சா?" என்பார்கள். "போட்டான், போட்டான், சுகமா இருக்கானாம்" என்பேன். ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டால் அடுத்த தடவையும் சொல்லத்தான் வேண்டும். உனக்குச் சம்பளம் கூடியிருக்கிறது என்றும், உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருப்பதாக எழுதியிருக்கிறாய் என்றும் அளந்துவிட்டேன். அந்த நேரத்தில் நீ ஆஸ்பத்திரியில் எலும்பும் தோலுமாகக் கிடந்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? குழாயடியில் நின்று பேசப் பயந்து, வெயில் ஏறி எல்லாரும் போன பிறகு தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தேன்.

அப்போது எனக்கு இருந்த ஒரே போக்கிடம் கிள்ளான். அங்கே துணிக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் அண்ணனை உனக்குத் தெரியும். சனிக்கிழமை ரயிலில் போய்த் தைத்ததைக் கொடுத்துவிட்டு, வெட்டின துணியை மூட்டையாக வாங்கி வருவேன். கிள்ளான் பையன்களின் பந்துக் கோஷ்டிக்கு ஜெர்சி தைப்பதும் நான்தான். பந்தாட்டம் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் துணி வழியாகத்தான். காலர் கிழிந்து வந்தால் யாரோ பிடித்து இழுத்திருக்கிறான், முழங்கைப் பக்கம் தேய்ந்து வந்தால் இவன் அடிக்கடி விழுகிறவன். நீ ஆடியதைக்கூட நான் ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. பொம்பளை எங்கே போய்ப் பாடாங் மைதானத்தில் நிற்பது?

அன்று ராவுத்தர் அண்ணன் கல்லாவில் உட்கார்ந்து இங்கிலீஷ் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கு வெளியே அஞ்சடி நடைபாதையில் இளநீர் விற்கிற ஜாவாக்காரர், பாக் சர்மான் என்று பெயர், உள்ளே எட்டிப் பார்த்து ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணன் என்னிடம் தமிழில் சொன்னார்: "பாரு தங்கச்சி, இந்த மனுஷன் தொல்லை தாங்கல. உலகக் கிண்ணம்னு பிரான்ஸ் தேசத்துல பந்தாட்டம் நடக்கப்போவுது. டச்சுக்காரன் ஜாவா, சுமத்ரா பசங்களை அதுக்கு அனுப்புறானாம். ஜப்பான்காரன் சண்டையில இருக்கான், வரலைன்னுட்டான். அந்த இடம் இவங்களுக்கு வந்திருக்கு." சுமத்ரா என்ற சொல் காதில் விழுந்ததும் கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்துவிட்டேன். "சுமத்ராவா அண்ணே? மேடான் பக்கமா?" என்றேன். "கப்பல் உன் மவன் ஊர்த் துறையில நின்னுதான் போவும்னு பேசிக்கிறாங்க. எனக்கு நிச்சயமா தெரியாது" என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. அந்தத் தேசத்திலிருந்து எனக்கு ஒரு துண்டுக் காகிதம் வரவில்லை. ஆனால் அந்தத் தேசத்துப் பையன்கள் கப்பலேறினார்கள் என்று ஊருக்கெல்லாம் தெரிகிறமாதிரி அச்சடித்து வந்திருக்கிறது. அவர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்றால் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று ஒரு கணக்கு மனசுக்குள் போட்டுக்கொண்டேன். பைத்தியக்காரக் கணக்குதான். யாரிடமும் சொல்லவில்லை. அன்று வெளியே வந்தபோது பாக் சர்மான் என்னைப் பார்த்து, "காக்கா, உனக்கும் அங்கே ஆள் இருக்கா?" என்றார். மலாயில் அக்காவைத்தான் காக்கா என்கிறார்கள் என்பது தெரிந்திருந்தும், அப்படி யாராவது கூப்பிட்டால் நான் இன்னும் கூரைமேல்தான் பார்ப்பேன். "மகன் இருக்கான்" என்றேன். "அப்ப நம்ம கோஷ்டி" என்று சொல்லி, ஓர் இளநீரைச் சீவி என் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை போதவில்லை. நடுவாரத்திலும் ஏதாவது சாக்குச் சொல்லிக் கிள்ளானுக்குப் போவேன். பித்தான் தீர்ந்துவிட்டது, நூல் நிறம் ஒத்துவரவில்லை என்பேன். பிரிக்ஃபீல்ட்ஸிலும் பேப்பர் கிடைக்கும், ஆனால் யாரைப் படிக்கச் சொன்னாலும் "உங்களுக்கு எதுக்கு இது?" என்ற கேள்வி வரும். கிள்ளானில் அந்தக் கேள்வி இல்லை. ராவுத்தர் அண்ணன் இங்கிலீஷைத் தமிழில் சொல்வார், நான் அதை என் கடைத்தெரு மலாயில் பாக் சர்மானுக்குச் சொல்வேன். பல நாள் ஒன்றுமே போட்டிருக்காது. "இன்னிக்கு இல்ல" என்று நான் சொன்னால் அவர், "கடல்ல இருக்காங்க, கடல்ல பேப்பர்காரன் ஏது?" என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொள்வார். அவர் பையனாக இருக்கும்போது ஒப்பந்தத்தில் வந்தவர், திரும்பிப் போனதில்லை. இங்கே கட்டின மனைவியும் போய்விட்டாள், கிள்ளான் பக்கத்துப் பாடாங் ஜாவாவில் மைத்துனன் வீட்டில் ஒரு மூலையில் படுத்துக்கொள்கிறார். அந்தப் பையன்கள் டச்சுக்காரன் தேசமான ஆலந்து போய்ச் சேர்ந்து அங்கே ஒரு கோஷ்டியை ஜெயித்தார்கள் என்று செய்தி வந்த அன்று, போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார். "வெள்ளைக்காரனை, அவன் ஊர்லயே!" ஒரு மலாய்க்காரப் போலீஸ் நின்று கேட்டுவிட்டு, "நிஜமா?" என்று என்னைப் பார்த்தான். நான்தான் சாட்சி. பேப்பரே படிக்கத் தெரியாத நான் தலையை ஆட்டினேன். அன்று ரயிலில் வரும்போது, நீ மாத்திரம் இதை ஏன் எனக்கு எழுதவில்லை என்று முதல் தடவையாக உன்மேல் ஆத்திரம் வந்தது.

இரவில் படுத்தால் உன் சின்ன வயது ஆட்டம் ஒன்று திரும்பத் திரும்ப ஞாபகம் வரும். நீ ஸ்கூல் கோஷ்டியில் முதன்முதலாக ஆடித் தோற்ற அன்று பொழுது சாய்ந்தும் வீடு வரவில்லை. அப்பா வேலை முடிந்து வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் தேடிப் போனார். ஆற்றங்கரைப் பக்கம் செங்கல் அடுக்கின இடத்தில் நீ தனியாக உட்கார்ந்திருந்தாயாம். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒன்றும் கேட்காமல், அன்று ரயில் பெட்டியிலிருந்து எருமை ஒன்று குதித்து ஓடின கதையைச் சொன்னாராம். நீ சிரித்த பிறகுதான், "உங்கம்மா மீன் குழம்பு வெச்சிருக்கா, ஆறிடும்" என்றாராம். வீட்டுக்கு வந்ததும் நான் விடவில்லை. எத்தனை கோல், யார் விட்டது, நீ என்ன செய்தாய் என்று துருவித் துருவிக் கேட்டேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். அதற்குப் பிறகு எந்த ஆட்டத்தையும் நீ வீட்டில் பேசியதில்லை. உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, அதனால் சொல்கிறேன். அவள் வாடின முகத்தோடு வந்தால் முதலில் எருமைக் கதையைச் சொல்லு. காரணம் தானாக வரும். அது உன் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

ஜாவாப் பையன்களின் உலகக் கிண்ண ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தந்தி வந்து பேப்பரில் ஏற எப்படியும் செவ்வாய் ஆகும் என்றார் அண்ணன். செவ்வாய்க்கிழமை முதல் ரயிலிலேயே போய்விட்டேன். பாக் சர்மான் சுத்தமாக வெளுத்த சட்டை போட்டு, தலையில் கறுப்புத் தொப்பியோடு, இளநீர்க் குலையை இன்னும் அவிழ்க்காமல் நின்றுகொண்டிருந்தார். கடை திறந்தது. அண்ணன் பேப்பரைப் பிரித்துப் பக்கம் புரட்டினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஹங்கேரின்னு ஒரு தேசம். அவங்க ஆறு. இவங்க ஒண்ணும் இல்ல" என்றார்.

பாக் சர்மான் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனாம்" என்றேன், ஆறு என்று. பாக் சர்மான் ஒரு விநாடி யோசித்து, "நம்மளுக்கா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். "நம்மளுக்கு எத்தனை?" "இல்ல பாக், ஒண்ணும் இல்ல." அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். "யாருக்காவது அடி பட்டுதான்னு பாக்கச் சொல்லு" என்றார். அண்ணன் திரும்பவும் பார்த்துவிட்டு அப்படி ஒன்றும் போடவில்லை என்றார். "அடுத்த ஆட்டம் எப்ப?" அடுத்தது இல்லை, தோற்றவன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான், அதுதான் அந்த விளையாட்டின் சட்டம் என்று அண்ணன் சொன்னதை நான் சொன்னேன். "இவ்வளவு தூரம் போய் ஒரே ஒரு ஆட்டமா?" என்று கேட்டார் அந்த மனுஷன். அவர் வெளியே போய் இளநீர்க் குலையை அவிழ்க்க ஆரம்பித்தார்.

அன்று திரும்பி வரும் ரயிலில் பெட்டியில் நான் ஒருத்திதான். பத்து தீகா, பெட்டாலிங் என்று ரயில் நின்று நின்று போகிறது, என் மடியில் துணி மூட்டை. நாளைக்குப் பேப்பரில் பார்க்க ஒன்றுமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தப் பையன்கள் தோற்றதற்காக நான் அழுதேன் என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருக்கிறார், அப்படியே இருக்கட்டும். உன்னை நினைக்க எனக்கு இருந்த ஒரு சாக்கு போய்விட்டது. வீடு வந்து விளக்கேற்றாமல் உட்கார்ந்திருந்தேன். உன் கடிதம் நின்ற நாளிலிருந்து பயந்து தள்ளி வைத்திருந்த ஒரு நினைப்பு, நீ இந்த உலகத்தில் இல்லையோ என்ற நினைப்பு, அன்றைக்குத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

சனிக்கிழமை கிள்ளானுக்குப் போகப் பிடிக்கவில்லை, போனேன். பாக் சர்மான் எனக்காகவே காத்திருந்தமாதிரி எழுந்து வந்தார். "காக்கா, நான் யோசிச்சேன். அந்த ஹங்கேரிக்காரன் இருக்கானே, அவன் கிண்ணத்தை ஜெயிச்சிட்டான்னு வெச்சுக்கோ. அப்ப உலகத்துலயே பெரிய கோஷ்டிகிட்டதானே நம்ம பசங்க தோத்தாங்க? அதுல அவமானம் இல்லையே?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தேன். சரி என்று நாங்கள் இரண்டு பேரும் ஹங்கேரிக் கட்சியில் சேர்ந்தோம். அவர்கள் அடுத்த ஆட்டம் ஜெயித்தார்கள். அதற்கடுத்ததில் இன்னொருத்தனைப் போட்டுப் புரட்டியெடுத்தார்கள். "பார்த்தியா, அவன் எல்லாரையும்தான் அடிக்கிறான்" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். கடைசி ஆட்டத்தில் இத்தாலிக்காரன் ஹங்கேரியைத் தோற்கடித்துவிட்டான். செய்தி கேட்டு அவர் பாதி சீவின இளநீரைக் கீழே வைத்தார். பிறகு, "இத்தாலி எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அண்ணனுக்கும் சரியாகத் தெரியவில்லை.

அந்த வாரத்திலேதான் உன்னோடு வேலை பார்த்த மனுஷர், ஊருக்குக் கப்பலேறப் போகிற வழியில் விசாரித்துக்கொண்டு நம் சந்துக்கு வந்தார். உன்னை உள்ளே தோட்டத்து ரயில் பாதைக்கு மாற்றினார்கள், போன இடத்தில் விஷக் காய்ச்சல் கண்டது, இறங்கி மறுபடி ஏறியது, இப்போது மேடான் ஆஸ்பத்திரியில் தேறி வருகிறாய் என்றார். "தாய்க்குச் சொல்லாதீங்கன்னு சொல்லுச்சும்மா, எனக்கு மனசு கேக்கல" என்றார். அவரை உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிக்கச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. தம்பி, இதை நன்றாகக் கேட்டுக்கொள். நல்ல செய்தி இருந்தால் மட்டும் எழுதுவது என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறாயே, அதை அவளிடம் காட்டாதே. நீ சொல்லாமல் விட்டதையெல்லாம் வீட்டிலிருக்கிறவள் தன் பயத்தால் நிரப்பிக்கொள்வாள்.

நாகப்பட்டினத்திலிருந்து உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு வந்ததற்குப் பிறகு நான் கப்பல் ஏறியது உன்னைப் பார்க்க மேடானுக்கு வந்தபோதுதான். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலைக் காட்டினார்கள். நீ முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாய். அவள் கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். மலாய், ஜாவா, நடுநடுவே இறந்துபோன தமிழ் அப்பாவிடம் அவள் கற்ற ரெண்டு தமிழ் வார்த்தை. "குடி, சும்மா குடி" என்றாள். நீ சிரித்தாய். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பார்க்கச் சற்று நேரமாயிற்று.

அந்தச் சற்று நேரத்தில்தான் எல்லாம் எனக்குத் தெரிந்தது. அவள் தாய் ஜாவாக்காரியாக இருக்கிறாளே, சாதி சனம் என்ன சொல்லும் என்று நான் நினைத்ததாக நீ நினைத்தாய். சத்தியமாக அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. நீ பிழைத்துவிட்டாய். நீ திரும்பி வரப்போவதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எனக்குள் இறங்கின. நீ போன நாளிலிருந்து இந்த அறையில் உன் பாயை நான் விரித்தும் சுருட்டியும் வைத்துக்கொண்டிருந்தேன். அதை எந்த வார்த்தையில் உன்னிடம் சொல்வது? வாயைத் திறந்தால் "வாடா வீட்டுக்கு" என்றுதான் வரும். நீ வந்துவிடுவாயோ என்றும் பயம். அதனால் இருந்த நாளெல்லாம் உன் துணியைத் துவைத்தேன், ரசம் வைத்தேன், அவளுக்கு உன் பிடிவாதங்களைக் கையால் ஜாடை காட்டிச் சொன்னேன், பேசாமல் கிளம்பிவிட்டேன்.

இங்கே வந்து பாக் சர்மானிடம் முதலில் சொன்னேன். "ஜாவாக்காரப் பொண்ணா? எந்தப் பக்கம்?" என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார். அவள் தாய் பிறந்த ஊரின் பெயரை நீ சொல்லியிருந்தாய், அதைச் சொன்னேன். அந்த ஊரே தெரியாது என்றார். ஆனாலும் அன்று முழுக்க, "என் காக்காவுக்கு ஜாவா மருமவ" என்று அஞ்சடியில் போகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வந்து எங்களோடேயே இருந்துவிடு என்று எழுதியிருக்கிறாய். கல்யாணத்துக்கு வருகிறேன், மாதம் முழுக்க இருக்கிறேன். இருந்துவிட மாட்டேன். தனிமை எனக்குப் பழகிவிட்டது என்று சொல்லமாட்டேன், பழகவில்லை, இனிமேலும் பழகாது. ஆனால் இங்கே என் கையை எதிர்பார்த்து வேலை இருக்கிறது, அப்பாவை எரித்த மண் இருக்கிறது. உங்கள் வீட்டில் நீங்கள் இருவரும் முதலில் ஒருவரையொருவர் கேட்டுப் பழகவேண்டும். நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் அது நடக்காது. அவள் பேச்சை நீ முழுசாகக் கற்றுக்கொள். தமிழை அவளுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடு. ஆத்திரம் வந்தால் மட்டும் தமிழில் பேசாதே, அப்புறம் அவளுக்குத் தமிழ் என்றாலே திட்டு என்று ஆகிவிடும். அவள் தாயைத் தனியாகச் சாப்பிட விடாதே.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதுவரை உனக்குச் சொல்லவில்லை. நான் கிளம்பின அன்று உன்னால் எழுந்து வர முடியவில்லை, அவள்தான் துறைமுகம் வரை வந்தாள். என் மூட்டையை ஏற்றிவிட்டு இறங்கிப் போய்க் கீழே வெயிலில் நின்றாள். போய்விடு என்று கையைக் காட்டினேன், போகவில்லை. கப்பல் நகர்ந்தபோது வாயருகே கையைக் குவித்து என்னைப் பார்த்து ஏதோ கத்திச் சொன்னாள். சங்கு ஊதிவிட்டது, ஒரு எழுத்தும் காதில் விழவில்லை. எனக்கும் பதிலுக்கு ஏதோ சொல்லத் தோன்றி, தலையை மட்டும் ஆட்டினேன். இந்த ஒரு வருஷத்தில் அதை நினைக்காத நாள் இல்லை. அவளைக் கேட்டு எழுதாதே, தம்பி. நான் வருகிறேன் அல்லவா, அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா